அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?

பொம்மைகளைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் சிறிய உருளை ஒன்று இருக்கும். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பாகம் சாய்வாக இருப்பதால் ஒரு பக்கம் ஆழம் 25.4 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 57.1. பொம்மையோ, பொம்மையிலிருந்து கழன்று வந்த துண்டோ, எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி, அழுத்தாமலே இதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. அந்த வயதுக்கான பொம்மையாக அதை விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1980 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த அளவு, பன்னாட்டுத் தரநிலைக்குள் போய், அங்கிருந்து நம் ஐ.எஸ். 9873 தரநிலைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று மாலையே தடித்த அட்டையைச் சுருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, வீட்டில் ஓர் உருளை செய்தேன். ஆய்வுக்கூடத் துல்லியம் அதில் கிடையாது; குத்துமதிப்பாகப் பார்க்கப் போதும். மகளின் பொம்மைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு இரண்டரை வயது. அம்மாவே உட்கார்ந்து பொம்மைகளைப் பிய்க்கிறாள் என்பதில் அவளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். பிளாஸ்டிக் சமையல் செட்டின் குக்கர் உருளைக்குள் போகவில்லை. அதன் விசில் போனது. ஆப்பிள் போகவில்லை; ஆப்பிளின் காம்பும் இலையும் லேசாக இழுத்ததுமே கையோடு வந்து, உள்ளே விழுந்தன. சாவி கொடுத்தால் ஓடும் காரின் சக்கரத்தைக் கட்டைவிரலால் நெம்பினேன். கழன்றது. அதன் அச்சாணி ஊசி போல நீட்டிக்கொண்டு நின்றது. சின்னப் பாட்டுப் பெட்டியின் பேட்டரி மூடிக்கு ஒரு திருகு இருந்திருக்க வேண்டும். முதல் முறை பேட்டரி மாற்றியபோதே அது தொலைந்து, இப்போது செல்லோடேப் காவல் காக்கிறது. சமையல் செட்டின் அட்டைப் பெட்டியில் மட்டும் 'மூன்று வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருந்தது. மற்றவற்றின் பெட்டி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பக்கத்தில் ஓர் ஆள் இருந்து பார்த்துக்கொண்டால் போதாதா?" என்றார். அத்தை கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஆனால் அந்த உருளைக்கு அளவு வகுத்தவர்கள் முதல் வேலையாக இந்தக் கேள்வியைத்தான் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

பொம்மைத் தரநிலைகள் எல்லாவற்றிலும் அடித்தளமாக ஓர் எண்ணம் இருக்கிறது. குழந்தை பொம்மையைச் சொன்னபடி பயன்படுத்தாது. எறியும், கடிக்கும், மிதிக்கும், மூக்கில் திணிக்கும். இவை எதிர்பார்க்கக்கூடியவை, ஆகவே தயாரிப்பாளர் எதிர்பார்த்தே தீர வேண்டும். இதற்காக ஆய்வுக்கூடத்தில் பொம்மை படும் பாடு பரிதாபமானது. ஒன்றரை வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால் ஏறத்தாழ நாலரை அடி உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடுகிறார்கள். பிடிப்பதற்கு வாகாகத் துருத்திக்கொண்டிருக்கும் எதையும் முறுக்கிப் பார்க்கிறார்கள். பிறகு ஏழு கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு விசையில் இழுக்கிறார்கள். கரடி பொம்மையின் கண்ணும் துணிப் பொம்மையின் தையலும் இந்த இழுவையில்தான் பிழைக்கின்றன அல்லது சாகின்றன. விளிம்பு கூராக இருக்கிறதா என்பதை அறிய, மெல்லிய நாடா சுற்றிய தண்டு ஒன்றை அந்த விளிம்பில் அழுத்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறார்கள். பாதி நாடா அறுந்தால் தோல்வி. பொம்மை வரும் பிளாஸ்டிக் பைக்குக்கூடத் தடிமன் விதி உண்டு: சராசரியாக 0.038 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், அல்லது துளைகள் போட்டிருக்க வேண்டும். அதைவிட மெல்லிய பை முகத்தில் ஒட்டிக்கொண்டால் குழந்தையால் பிரித்தெடுக்க முடியாது.

என்னை மிகவும் கவர்ந்தது பெயின்ட் சோதனை. பொம்மையின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, பொடியாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் குலுக்குகிறார்கள்; இன்னொரு மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். 37 டிகிரி என்பது உடல் சூடு. அமிலம், இரைப்பையில் சுரப்பது. விழுங்கிய பெயின்ட் துணுக்கிலிருந்து எவ்வளவு விஷம் கரைந்து வெளியே வரும் என்று ஒரு கண்ணாடிக் குடுவையை வயிறாக்கிப் பார்க்கிறார்கள். ஆன்டிமனி, ஆர்செனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம் என்று எட்டுத் தனிமங்களுக்கு வரம்பு வகுத்திருக்கிறது. ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 75, ஆர்செனிக் 25. ஐரோப்பாவில் இந்த வரம்புகளை முதலில் வகுத்தபோது, ஒரு குழந்தை சராசரியாக நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் பொம்மையைத் தின்னும் என்று வைத்துக்கொண்டார்கள். நாம் 'வாயில் வைக்காதே' என்று கத்திக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு குழு உட்கார்ந்து, வைக்கத்தான் செய்யும், தின்னத்தான் செய்யும், எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. குழந்தைகளைப் பற்றி இதைவிட யதார்த்தமான ஆவணத்தை நான் படித்ததில்லை.

ஈயம் ஏன் பெயின்ட்டுக்குள் வருகிறது என்றால், மலிவு, பளபளப்பு, சீக்கிரம் காய்வது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈய குரோமேட் பழைய துணை. உடலுக்குள் போனால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது; பாதிப்பு மூளை வளர்ச்சியில் தெரியும், காய்ச்சல் போல வெளியே தெரியாது. யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாகச் சொன்னது. அதில் சுமார் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைகள். இந்த ஈயம் முழுக்கப் பொம்மையிலிருந்து வருவதில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகளும், கலப்பட மஞ்சள்தூளும், சுவர்ப் பெயின்ட்டும், சில பாத்திரங்களும் பெரும்பங்கு வகிக்கின்றன. பொம்மையின் பங்கு சிறியதாக இருக்கலாம், ஆனால் நாமே காசு கொடுத்து வாங்கி, குழந்தையின் கையில் திணிக்கும் ஈயம் அது ஒன்றுதான்.

இதைப் பற்றியெல்லாம் உலகம் உரக்கப் பேசத் தொடங்கியது 2007இல். அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டல் தன் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் 9,67,000ஐ அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. பெயின்ட்டில் ஈயம். அவற்றைச் செய்த சீனத் தொழிற்சாலையின் முதலாளி சில நாட்களில் தூக்கிட்டுக்கொண்டார். அவருக்குப் பெயின்ட் கொடுத்தவர் அவருடைய நெருங்கிய நண்பர் என்று செய்திகள் வந்தன. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் இன்னும் பெரிய அறிவிப்பு: உலகம் முழுக்க 1.8 கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகள். காரணம், கழன்று விழும் சிறு காந்தங்கள். ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல்சுவர் நைந்து ஓட்டை விழும்.

அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க 'சீனப் பொம்மை' என்ற ஒரே பேச்சு. ஆனால் அந்தக் காந்தங்கள் கழன்றதற்குச் சீனத் தொழிலாளி காரணம் இல்லை. வரைபடத்திலேயே பிழை. செப்டம்பரில் மேட்டலின் உயர் அதிகாரி ஒருவர் பெய்ஜிங்குக்கே போய், திரும்பப் பெற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை தங்கள் வடிவமைப்பின் குறைதான் என்று பொதுவில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இந்தப் பாதிக் கதை யாருக்கும் நினைவில் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது: பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு, மேல் கூடாது, தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே சான்று கொடுத்துக்கொள்ள முடியாது, மூன்றாம் தரப்பு ஆய்வுக்கூடம் சோதிக்க வேண்டும்.

நாம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது முதல் பாதியை. 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளுக்கு ஆறு மாத இறக்குமதித் தடை விதித்தோம். மார்ச்சில் பன்னாட்டுத் தரநிலைச் சான்று இருந்தால் வரலாம் என்று தளர்த்தினோம். 2010இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 24 பொம்மைகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் தாலேட் இருந்தது. பிவிசி பிளாஸ்டிக்கை ரப்பர் போல மெதுமெதுப்பாக்க இதைச் சேர்க்கிறார்கள். பொம்மையைப் பிரித்ததும் அடிக்கும் அந்தப் 'புது வாசனை' வீசும் மலிவுப் பொம்மைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹார்மோன்களோடு விளையாடக்கூடிய வேதிப்பொருள். 24இல் சுமார் 45 சதவீதத்தில் அது பன்னாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. ஐரோப்பா 1999லேயே குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இதற்குத் தற்காலிகத் தடை போட்டு, பிறகு நிரந்தரமாக்கியிருந்தது. இங்கே அடுத்த பத்து ஆண்டுகள் கோப்புகள் நகர்ந்துகொண்டிருந்தன. 2019இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி சுற்றுவட்டாரத்தில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை.

அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 2020 பிப்ரவரி 25 அன்று பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. செப்டம்பரில் தொடங்க வேண்டியது, தள்ளிப்போய் 2021 ஜனவரி 1 முதல் அமலானது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான எதுவாக இருந்தாலும், உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் உரிமமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாமல் விற்கக் கூடாது. சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. மீறினால் 2016ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. நல்ல ஆணைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே 2020 பிப்ரவரியில் பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. ஆணையின் வெற்றி என்று அமைச்சர்கள் மேடையில் சொல்லும் எண்களைப் பாருங்கள். 2018-19இல் 37 கோடி டாலருக்கு இறக்குமதி, 2021-22இல் 11 கோடி டாலர். ஏற்றுமதி 20 கோடியிலிருந்து 32 கோடிக்கு மேல். தொழிலுக்கு நல்ல செய்தி, வேலைவாய்ப்புக்கும் நல்ல செய்தி. இதில் குழந்தை எங்கே? எத்தனை பேர் விழுங்கினார்கள், எத்தனை பேர் கிழித்துக்கொண்டார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அது ஆணைக்குப் பிறகு குறைந்ததா? பாதுகாப்பு ஆணையின் பலனை டாலரில் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் 1970களிலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாடு முழுக்க மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சுமார் நூறு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக் குறிப்புகளைத் தினமும் ஒருவர் படித்து, காயம் எந்தப் பொருளால் நேர்ந்தது என்று குறியீட்டு எண் போட்டு அனுப்புகிறார். தொட்டிலா, சைக்கிளா, பலூனா, காந்தமா. அதிலிருந்து நாட்டுக்கே மதிப்பீடு செய்து ஆண்டுதோறும் பொம்மை விபத்து அறிக்கை வெளியிடுகிறார்கள். வருடத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் காயங்கள். அதில் முதலிடம் எதற்கு என்று பார்த்தால், விஷப் பெயின்ட்டுக்கு இல்லை. காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டருக்கு. எண்ணிப் பார்த்தால்தான் இந்த மாதிரி அசட்டு உண்மைகள் வெளியே வரும். காந்த உருண்டைகளுக்கு எதிரான அமெரிக்க விதியை 2016இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2022இல் புதிய விதியைக் கொண்டுவர அரசுக்குக் கைகொடுத்ததும் இந்தக் குறிப்பேடுதான்.

நம் ஊரில் அந்தக் குறிப்பேடு இல்லாத இடத்தை ஒரு கேள்வி நிரப்புகிறது. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிய செய்தி வந்தால், கீழே வரும் கருத்துகளைப் படித்துப் பாருங்கள். 'அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?' அப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது தனிக் கதை. பேட்டரி மூடிக்குத் திருகு ஏன் இல்லை என்றும் கேட்பதில்லை. உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்திலேயே காரத்தைச் சுரக்கவைக்கிறது. தீர்ந்துபோன பேட்டரிக்கும் அவ்வளவு சக்தி மிச்சம் இருக்கும். வீட்டில் சமைத்து முடிக்கும் நேரம் போதும். அதனால்தான் கருவி இல்லாமல் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் பாரிமுனை ஈவினிங் பஜாருக்குப் போனேன். பொம்மை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் அட்டைப்பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தேன். முத்திரை பல பெட்டிகளில் இருந்தது. முறையான முத்திரை என்றால் மேலே தரநிலை எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிமம் எதற்கு, எதுவரை என்று எல்லாம் வரும். ஒரு ரயில் செட்டுக்கு அழகாக வந்தது. பக்கத்திலிருந்த துப்பாக்கிக்கு முத்திரை மட்டும் இருந்தது, எண்ணைக் காணோம். "அண்ணா, இதில் லைசென்ஸ் நம்பர் எங்கே?" என்று கேட்டேன். "அதுதான் முத்திரை இருக்கிறதே மேடம்" என்றார். இன்னொரு பெட்டியில் எண் இருந்தது. செயலிக்கு அப்படி ஓர் எண்ணைத் தெரியவே தெரியாது.

அதைவிட முக்கியமானது கடையின் பின்பகுதியில் இருந்தது. பெரிய பாலிதீன் பைகளில் உதிரியாக ஊதல்கள், கிலுகிலுப்பைகள், விரல் நீளக் கார்கள், பிளாஸ்டிக் கண்ணாடிகள். டஜன் கணக்கில், குரோஸ் கணக்கில் விற்பனை. பெட்டி இல்லை, பெயர் இல்லை, வயது இல்லை, முத்திரை ஒட்ட இடமும் இல்லை. திருவிழாக் கடைகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் போகிற சரக்கு. ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக் கைப்பிடியை அழுத்தினேன். இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த மணிகள் கல்லாப்பெட்டி வரை ஓடின. காசை நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை, "உடையத்தானே செய்யும்" என்றார்.

2023 ஜனவரியில், ஒரு மாதத்தில் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக பிஐஎஸ் அறிவித்தது. விமான நிலையக் கடைகள், மால்கள், பெரிய விற்பனை நிறுவனங்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவில் கழியில் பொம்மைகளைக் குத்திச் சுமந்து வருபவரிடம் வாங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை விமான நிலையக் கடை எந்தக் காலத்தில் எட்டும்? அந்தக் கழிக்காரரைப் பிடித்து அபராதம் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரிடம் இருப்பதே அன்றைய முதல். அச்சு வைத்து அந்த ஊதலை வார்க்கிறவர் ஒருவர், அதைப் பை பையாக விற்கிறவர் ஒருவர். பிடிக்க வேண்டிய இடம் அவர்கள்.

இன்னொன்று, பலூன். எல்லாத் திருவிழாவிலும் எல்லாப் பிறந்தநாளிலும் இருப்பது. பொம்மைகளில் உயிரைப் பறிக்கும் சாதனையில் பல காலமாக முன்வரிசையில் நிற்பதும் அதுதான். வெடித்த பலூனின் துண்டு தொண்டைக்குள் போனால் அங்குள்ள வடிவத்துக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது. உருளைச் சோதனையில் பலூன் தேறவே தேறாது, ஆகவே அமெரிக்கச் சட்டம் அதற்கு விலக்குக் கொடுத்து, எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. எனக்குத் தெரிந்து எந்தப் பொம்மைச் சட்டமும் பலூனைத் தடை செய்யத் துணியவில்லை. நானும் துணியவில்லை, வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்குகிறேன்.

நம் ஆணையில் உள்ள ஒரு விலக்கு எனக்கு இரண்டு மனதாகவே இருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்களும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளும் இதற்குள் வர வேண்டியதில்லை. சன்னபட்டணா மரப் பொம்மை, நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எல்லாம் இந்த வகை. ஆய்வுக்கூடக் கட்டணம் கட்டச் சொன்னால் அந்தக் குடும்பங்கள் தொழிலை மூடிவிட்டுப் போவார்கள் என்பது உண்மை. அரக்கும் தாவரச் சாயமும் கொண்டு கடையும் பொம்மையைக் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையிடம் கொடுக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் வாங்குகிற எனக்கு, இந்தச் சிவப்பு அரக்குச் சாயமா, டப்பா பெயின்ட்டா என்று எப்படித் தெரியும்? கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டு வண்ணத்தை மட்டுமாவது சோதித்துக் கொடுக்கலாம். விலக்கு என்பது கைவினைஞருக்குச் செய்யும் உதவியாகத் தெரியலாம்; சான்று கொடுத்தால் அவர் சரக்கு இன்னும் நன்றாக விற்கும்.

பாரம்பரியம் என்றாலே நஞ்சில்லை என்று ஒரு நம்பிக்கை வேறு நம்மிடம் இருக்கிறது. அத்தை ஊரிலிருந்து பல்லாங்குழியும், அதற்கு ஒரு டப்பா குன்றிமணியும் கொண்டுவந்திருந்தார். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்கப் பார்க்க அழகு. அதற்குள் இருக்கும் ஏப்ரின், உலகின் கொடிய தாவர நஞ்சுகளில் ஒன்று. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, கோப்பதற்குத் துளை போட்டிருந்தாலோ கதை வேறு. இங்கிலாந்தின் ஈடன் பிராஜெக்ட் பூங்காவில் இந்த விதைகளைக் கோத்த கைவளையங்களை விற்றுவிட்டு, 2011 இறுதியில் ஆயிரக்கணக்கில் திரும்பக் கேட்டார்கள். "இத்தனை வருடம் நாங்கள் இதை வைத்துத்தானே விளையாடினோம்?" என்றார் அத்தை. விளையாடினார்கள்தான். அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை என்று நான் சொன்னதற்கு, "இப்போது யார் எண்ணுகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை. டப்பா இப்போது மேல் தட்டில். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வந்துவிட்டது. அதுவும் உருளைக்குள் அடங்கும் என்பதால் மகள் தூங்கிய பிறகு நாங்கள் இருவரும் ஆடுகிறோம்.

கடைசியாக ஒரு பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜவ்வரிசி அளவில் வண்ண வண்ண உருண்டைகள். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஊதிப் பெருக்கும். ஜெல் பால், வாட்டர் பீட்ஸ் என்று பல பெயர். காய்ந்த நிலையில் விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி, வழியை அடைக்கும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியவும் தெரியாது. அமெரிக்காவின் பெரிய கடைகள் 2023 இறுதியில் இதைக் குழந்தைகளுக்கான பொருளாக விற்பதை நிறுத்திக்கொண்டன. ஐரோப்பியப் பொம்மைத் தரநிலை, இவ்வளவு சிறியதாக இருக்கும் விரியும் பொருள் தண்ணீரில் ஊறினால் எந்தப் பக்கமும் 50 சதவீதத்துக்கு மேல் பெருகக் கூடாது என்கிறது. இது பல மடங்கு பெருகுகிறது.

எங்கள் பகுதிக் கடையில் இது இருபது ரூபாய். பொம்மை வரிசையில் இல்லை, பூச்சாடி வரிசையில். செடிக்கு ஈரம் காக்கும் அலங்காரப் பொருள் என்று எழுதியிருப்பதால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, வயது எச்சரிக்கையும் இல்லை. ஆனால் பாக்கெட்டின் முன்பக்கத்தில், கிண்ணம் நிறைய வண்ண உருண்டைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுச் சிரிக்கும் குழந்தையின் படம். விளையாடுவதற்கென்று தெளிவாக உத்தேசிக்கப்பட்ட எதுவும் பொம்மை என்றுதான் ஆணை சொல்கிறது. இந்தப் படத்தைப் போட்டவர் வேறு எதை உத்தேசித்தார் என்று கேட்டு, பாக்கெட்டின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து இணைத்து, பிஐஎஸ் கேர் செயலியில் புகார் அனுப்பியிருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது. கடைக்காரரிடமும் சொன்னேன். பாக்கெட்டுகளைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றி வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்.